செவிலியர்களின் மரபணு அறிவை மதிப்பிடுவது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக 42 வயதுப் பெண் ஒருவர் அட்மிட் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். "குடும்பத்தில் வேறு யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?" என்று செவிலியர் கேட்கிறார். "அம்மா பக்கம் யாருக்கும் இல்லை. அத்தைக்குச் சினைப்பையில் புற்றுநோய் வந்தது, ஆனால் அது அப்பா பக்கம்தானே" என்கிறார் நோயாளி. கேஸ் ஷீட்டில் 'குடும்ப வரலாறு இல்லை' என்று பதிவாகிறது.

பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக்களில் உள்ள கோளாறு அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் ஒரே அளவு வாய்ப்போடு பிள்ளைகளுக்கு வரும். மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் இரண்டின் அபாயத்தையும் அந்தக் கோளாறு கூட்டும். அந்த ஒரு வரி சரியாகப் பதிவாகியிருந்தால் நோயாளியின் தங்கைக்கும் மகளுக்கும் முன்கூட்டியே பரிசோதனை கிடைத்திருக்கும். இதே செவிலியரிடம் 'மனித உயிரணுவில் எத்தனை குரோமோசோம்கள்?' என்று தேர்வில் கேட்டால் 46 என்று சரியாகவே எழுதுவார், மதிப்பெண்ணும் வாங்குவார்.

செவிலியர்களின் மரபணு அறிவை அளக்கக் கிளம்பும் பலர் குரோமோசோம் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். வார்டில் முடிவு எடுக்க உதவும் அறிவைத்தான் அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பயிற்சிப் பொறுப்பில் புதிதாக வந்தவர்களும், ஆய்வுக்காக இந்தத் தலைப்பை எடுத்த முதுநிலை மாணவர்களும், தன் வார்டின் நிலை என்ன என்று பார்க்க நினைக்கும் பொறுப்புச் செவிலியர்களும் இதை எந்த வரிசையில் செய்யலாம் என்று இங்கே சொல்கிறேன்.

படி 1: எதற்காக அளக்கிறீர்கள்?

இதை ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள். பயிற்சி தொடங்கும் முன் எங்கே இடைவெளி இருக்கிறது என்று பார்க்கவா, நடந்த பயிற்சி பலன் தந்ததா என்று பார்க்கவா, இந்தப் பணியை இவரிடம் தனியாக ஒப்படைக்கலாமா என்று முடிவு செய்யவா? மூன்றுக்கும் வெவ்வேறு கேள்வித்தாள் வேண்டும். இடைவெளி தேடும்போது கேள்விகள் பரந்து விரிந்திருக்கலாம். பயிற்சியின் பலனைப் பார்க்க, பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை ஒட்டியே கேட்க வேண்டும். பணியை ஒப்படைப்பதற்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதவே போதாது, செய்துகாட்டச் சொல்ல வேண்டும்.

இந்த மதிப்பீட்டைப் பதவி உயர்வோடும் ஆண்டு மதிப்பீட்டோடும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் செவிலியர்கள் ஒருவரையொருவர் கேட்டு எழுதுவார்கள், தெரியாததை மறைப்பார்கள். தெரியாததைக் கண்டுபிடிக்கத்தானே இத்தனை ஏற்பாடும்?

படி 2: எந்த அறிவு, யாருக்கு?

மரபியல் என்றால் பெரும்பாலும் ஒற்றை மரபணுவும் அது குடும்பத்தில் கடத்தப்படும் விதமும். ஜீனோமிக்ஸ் என்றால் மொத்த மரபணுத் தொகுதி, மரபணுக்கள் ஒன்றோடொன்றும் சூழலோடும் சேர்ந்து வேலை செய்யும் விதம். அரிவாள் உயிரணுச் சோகை முதல் வகையில் வரும். சர்க்கரை நோய், இதய நோய், பெரும்பாலான புற்றுநோய்கள், மருந்துக்கு உடல் காட்டும் எதிர்வினை ஆகியவற்றில் இரண்டாவது வகை அறிவு தேவைப்படும். மனித ஜீனோம் திட்டம் 1990இல் தொடங்கி 2003இல் முடிந்த பிறகுதான் இந்த இரண்டாவது வகை சாதாரண வார்டுகளுக்குள் நுழைந்தது. அதற்கு முன் படித்து முடித்த செவிலியர்கள் பலருக்கு இது பாடத்திலேயே இருந்திருக்காது. முடிவுகளைப் படிக்கும்போது அதை மனதில் வையுங்கள்.

எந்த வார்டாக இருந்தாலும் எல்லாச் செவிலியருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. மூன்று தலைமுறைக் குடும்ப வரலாறு எடுப்பது, அதில் எச்சரிக்கை அறிகுறிகளை அடையாளம் காண்பது, யாரை மரபணு ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிவது, ஒரு பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று நோயாளிக்கு எளிமையாக விளக்குவது, ஒப்புதலும் ரகசியமும் காப்பது, மருந்து கொடுக்கும்போது மரபணு சார்ந்த எச்சரிக்கையைக் கவனிப்பது. அமெரிக்கச் செவிலியர் அமைப்புகள் 2000களின் நடுப்பகுதியில் கூடி, செவிலியர்களுக்கு அவசியமான மரபியல், ஜீனோமிக்ஸ் திறன்கள் எவை என்று ஒரு பட்டியல் உருவாக்கின. பல நாடுகளின் ஆய்வாளர்கள் அதைத்தான் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொள்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம்.

அப்புறம் வார்டுக்கு ஏற்ற பகுதி. பிரசவ வார்டில் கர்ப்பகாலப் பரிசோதனைகளும் பச்சிளங்குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் முக்கியம். புற்றுநோய் வார்டில் கட்டியின் மரபணுப் பரிசோதனை, குழந்தைகள் வார்டில் ஒடுங்கு முறையில், அதாவது பெற்றோர் இருவரிடமிருந்தும் கோளாறுள்ள மரபணு வந்தால் மட்டும், கடத்தப்படும் நோய்கள். ஆய்வக ரிப்போர்ட்டின் நுணுக்கங்களைப் பொருள்கொள்வது வார்டு செவிலியரின் வேலை இல்லை. அதைக் கேள்வித்தாளில் திணிக்காதீர்கள்.

படி 3: இருக்கும் கருவியா, சொந்தக் கருவியா?

முதலில் இருப்பதைத் தேடுங்கள். செவிலியர்களுக்கென்றே உருவான 'ஜீனோமிக் நர்சிங் கான்செப்ட் இன்வென்டரி' என்ற கருவியில் 31 பல்தேர்வு வினாக்கள் உண்டு. ஜீனோம் அடிப்படைகள், மரபணு மாற்றங்கள், மரபுவழிக் கடத்தல், ஜீனோமிக் மருத்துவப் பராமரிப்பு என்று நான்கு பகுதிகளை அது தொடுகிறது. 'ஜெனெடிக்ஸ் லிட்ரசி அசெஸ்மென்ட் இன்ஸ்ட்ருமென்ட்' என்பது கல்லூரி மாணவர்களை மனதில் வைத்து உருவானது. செவிலியர்களிடமும் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஆனால் வார்டுச் சூழல் அதில் குறைவு. 'ஜெனெடிக்ஸ் அண்ட் ஜீனோமிக்ஸ் இன் நர்சிங் பிராக்டிஸ் சர்வே' அறிவோடு மனப்பான்மை, நம்பிக்கை, அன்றாட நடைமுறை ஆகியவற்றையும் கேட்கும். ஒரு புதிய வழக்கம் எப்படிப் பரவுகிறது என்ற கோட்பாட்டின் மேல் அது கட்டப்பட்டது. 'தெரிந்தும் ஏன் செய்வதில்லை?' என்பது உங்கள் கேள்வி என்றால் அதுதான் பொருத்தம்.

எதை எடுத்தாலும் உருவாக்கியவர்களிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். மொழிபெயர்த்துப் பயன்படுத்துவதாக இருந்தால் ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எங்கே பொருள் பிசகியது என்று தெரிந்துவிடும். அதன் பிறகு நாலைந்து செவிலியர்களைத் தனித்தனியாக உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் படித்துவிட்டு என்ன புரிந்தது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இந்தக் கடைசி வேலையைப் பலர் தாண்டிப் போகிறார்கள், அது வருத்தம்தான். கேள்வி புரியாததால் வந்த தவறு, விடை தெரியாததால் வந்த தவறாகக் கணக்கில் ஏறிவிடும்.

'உங்களுக்கு மரபியல் எவ்வளவு தெரியும்? 1 முதல் 5 வரை குறிக்கவும்' என்ற வகைக் கேள்வியை அறிவை அளக்கும் கேள்வியாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அது தன்னம்பிக்கையை அளக்கிறது. அதுவும் தேவைதான், ஆனால் வேறு கணக்கில்.

படி 4: கேள்வி எழுதுவது

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ஒரு கேள்வியை எப்படித் திருத்துவது என்று பார்ப்போம்.

முதல் வடிவம்: 'ஒடுங்கு முறைக் கடத்தல் என்றால் என்ன?' மனப்பாடம் செய்தவர் எழுதிவிடுவார். திருத்திய வடிவம் இப்படி:

'நோய் இல்லாத ஒரு தம்பதியின் முதல் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் என்னும் கடும் ரத்தசோகை நோய் உறுதியாகியுள்ளது. தாய் மீண்டும் கர்ப்பமாக இருக்கிறார். "நாலில் ஒரு குழந்தைக்குத்தான் வரும் என்றார்கள். எங்களுக்கு ஒன்று வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்குப் பயமில்லை, சரிதானே?" என்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?
அ) ஆமாம், அடுத்த மூன்று குழந்தைகளுக்கு வாய்ப்பில்லை.
ஆ) ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு புதிதாக இருக்கிறது, ஆலோசகரைப் பார்க்க ஏற்பாடு செய்கிறேன்.
இ) முதல் குழந்தைக்கு வந்ததால் இந்தக் குழந்தைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.
ஈ) குழந்தை ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தது.'

விடை ஆ. மற்ற மூன்றும் சும்மா நிரப்பியவை இல்லை, ஒவ்வொன்றும் உண்மையில் பலரிடம் இருக்கும் ஒரு தவறான எண்ணம். இ-யைத் தேர்ந்தவர், பெற்றோரில் ஒருவரிடமிருந்து கோளாறு வந்தாலே நோய் வரும் ஓங்கு முறையோடு குழப்பிக்கொள்கிறார். ஈ-யைத் தேர்ந்தவர் எக்ஸ் குரோமோசோம் வழிக் கடத்தலை நினைத்துக்கொண்டிருக்கிறார். யார் எந்தத் தவறான விடையைத் தேர்ந்தார் என்பதிலிருந்தே பயிற்சியில் எதைப் பேச வேண்டும் என்று தெரிந்துவிடும். தவறான விடைகளுக்கு மூலம் வேண்டுமென்றால், முதலில் இதே சூழலைத் திறந்த கேள்வியாகக் கொடுத்து, செவிலியர்கள் தங்கள் சொற்களில் எழுதுவதைச் சேகரியுங்கள். அதிலிருந்து எடுங்கள்.

இன்னொரு வளமான இடம், கட்டியில் தோன்றிய மாற்றத்துக்கும் பிறவியிலேயே வந்த மாற்றத்துக்கும் உள்ள வேறுபாடு. நுரையீரல் புற்றுநோய்க் கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் இருப்பதாக ரிப்போர்ட் வருகிறது. "அப்படியென்றால் எனக்கும் வருமா?" என்று மகன் கேட்கிறார். அந்த மாற்றம் வழக்கமாகக் கட்டியின் உயிரணுக்களில் மட்டும் தோன்றியது, எந்த மாத்திரை பலன் தரும் என்று தேர்ந்தெடுக்கவே அந்தப் பரிசோதனை என்று செவிலியர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதே சமயம், கட்டியில் பி.ஆர்.சி.ஏ. மாற்றம் தெரிந்தால் அது பிறவியிலேயே வந்ததா என்று ரத்தத்திலோ உமிழ்நீரிலோ தனியாக உறுதிசெய்யும் தேவை வரும். இந்த இரண்டு சூழல்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் விஷயம் புரிந்தவர் யார், ஒரு விதியை உருப்போட்டவர் யார் என்று பிரிந்துவிடும்.

மருந்துக் கேள்வி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் மருந்து கொடுப்பது செவிலியரின் கை. வலிப்பு மருந்தான கார்பமசெப்பின் தொடங்கும் முன் எச்.எல்.ஏ.-பி 15:02 பரிசோதனை ஏன் கேட்கப்படுகிறது? அந்த மரபணு வகை உள்ளவர்களுக்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்னும் உயிருக்கே ஆபத்தான தோல் எதிர்வினை வரும் அபாயம் அதிகம். ஆசியாவின் சில மக்கள் பிரிவுகளில் இந்த வகை கூடுதலாகக் காணப்படுகிறது. வலி மருந்தான கோடீன் இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. சி.ஒய்.பி.2டி6 என்ற நொதி சிலருக்கு மிக வேகமாக வேலை செய்யும். அவர்கள் உடலில் கோடீன் மளமளவென மார்பினாக மாறி மூச்சை அடக்கிவிடும். டான்சில் அறுவைக்குப் பிறகு கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் இறந்ததை அடுத்து 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கை விடுத்தது. 'சரியான அளவில்தான் கொடுத்தோம், குழந்தை எழுப்பினால் எழுவதில்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது' என்று சூழலை அமைத்து, முதலில் என்ன செய்வீர்கள், யாருக்குச் சொல்வீர்கள், என்ன காரணமாக இருக்கலாம் என்று கேளுங்கள்.

பொருள் தெளிவில்லாத முடிவு பற்றியும் ஒரு கேள்வி வையுங்கள். மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது, அது நோயை உண்டாக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்று ரிப்போர்ட் வருவது சாதாரணம். அதை 'பாசிட்டிவ்' என்று நினைத்து நோயாளியைப் பயமுறுத்துவதும், 'ஒன்றுமில்லை' என்று தைரியம் சொல்லி அனுப்புவதும் இரண்டுமே தவறு.

ஒவ்வொரு கேள்வியிலும் 'தெரியாது' என்று ஒரு விடை கொடுங்கள். பக்கத்திலேயே 'இந்த விடையில் எவ்வளவு உறுதி?' என்று சிறு கட்டமும் வையுங்கள். தவறான விடையை முழு உறுதியோடு எழுதியவர்தான் நோயாளியிடம் தயங்காமல் தவறாகச் சொல்லப்போகிறவர். தெரியாது என்று குறித்தவர் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

படி 5: செய்துகாட்டச் சொல்லுங்கள்

ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா. நீங்கள் நோயாளியாக உட்கார்ந்து முன்பே எழுதி வைத்த குடும்பக் கதையைச் சொல்லுங்கள். கேட்டால் மட்டும் சில விவரங்களைக் கொடுங்கள். செவிலியர் குடும்ப வரைபடம் வரையட்டும். நீங்கள் பார்க்க வேண்டியவை: மூன்று தலைமுறை வந்ததா, அப்பா பக்கமும் அம்மா பக்கமும் கேட்டாரா, நோய் எந்த வயதில் வந்தது என்று கேட்டாரா, இறந்தவர்களின் வயதும் காரணமும் உண்டா, உறவுக்குள் திருமணமா என்று சங்கடப்படுத்தாமல் விசாரித்தாரா. குறியீடுகளும் சரியாக இருக்க வேண்டும்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்கு நிரப்பிய வடிவம், இறந்தவர் மேல் சாய்கோடு, உறவுக்குள் திருமணத்துக்கு இரட்டைக் கோடு, நோயாளியைச் சுட்ட அம்புக்குறி.

வரைந்து முடித்ததும், "இதில் உங்களுக்கு எது கவலை தருகிறது?" என்று ஒரே ஒரு கேள்வி. 50 வயதுக்கு முன் வந்த மார்பகப் புற்றுநோய், ஆணுக்கு வந்த மார்பகப் புற்றுநோய், ஒரே பக்கத்தில் பலருக்கு வந்த குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய், இளம் வயதில் காரணம் தெரியாத திடீர் மரணம் போன்றவற்றைக் கதைக்குள் வைத்திருங்கள். கதையில் ஒன்றிரண்டு வெறும் தற்செயல்களையும் சேருங்கள், எல்லாவற்றையும் அபாயம் என்று சொல்பவரும் பிடிபடுவார். மதிப்பெண் போடுபவர்கள் இருவராக இருந்தால் நல்லது. தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள்.

முடிந்தால் சில கேஸ் ஷீட்டுகளையும், உரிய அனுமதியோடு, பெயர் மறைத்து எடுத்துப் பாருங்கள். குடும்ப வரலாற்றுப் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது? தேர்வில் நன்றாக எழுதிய வார்டில் அந்தப் பகுதி காலியாக இருந்தால் கோளாறு அறிவில் இருக்காது. நேரமின்மையா, படிவத்தில் இடமில்லையா என்று விசாரியுங்கள்.

படி 6: சரிபார்த்து, சிறிய அளவில் ஓட்டிப் பாருங்கள்

மரபியல் தெரிந்தவர்கள், செவிலியர் கல்வி தெரிந்தவர்கள், வார்டில் வேலை செய்பவர்கள் மூவகையினரும் கலந்த ஆறு பேராவது கேள்விகளைப் பார்க்கட்டும். 'இது பொருத்தமா?' என்று ஒவ்வொரு கேள்விக்கும் நாலு நிலைகளில் குறிக்கச் சொல்லுங்கள். மேல் இரண்டு நிலைகளைக் குறித்தவர்களின் விகிதம் 0.78க்குக் கீழே போனால் அந்தக் கேள்வியைத் திருத்துங்கள் அல்லது விட்டுவிடுங்கள். பிறகு மதிப்பீட்டில் கலந்துகொள்ளாத ஒரு சிறு குழுவிடம் கொடுத்து எவ்வளவு நேரம் ஆகிறது, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பாருங்கள். ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

படி 7: நடத்தும் நாள்

இரவு டியூட்டி முடித்து வருபவர்களை உட்கார வைக்காதீர்கள். 30 கேள்விக்கு 40 நிமிடம் தாராளம். பெயருக்குப் பதில் அவரவரே தேர்ந்தெடுக்கும் ரகசியக் குறியீடு போதும், பயிற்சிக்குப் பிந்தைய தாளோடு இணைக்க அதே குறியீடு உதவும். பின்னால் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்கப்போகிறீர்கள் என்றால் விடைகளை இப்போது வெளியிடாதீர்கள். கடைசிச் சுற்று முடிந்ததும் கட்டாயம் கொடுத்துவிடுங்கள். அவர்கள் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டும்.

படி 8: முடிவுகளைப் படிப்பது

சராசரியை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடாதீர்கள். நாலு விடை உள்ள 30 கேள்விகளில், ஒன்றுமே தெரியாதவர் குருட்டாம்போக்கில் குறித்தாலே ஏழெட்டு சரியாகிவிடும். எனவே 12 மதிப்பெண் என்றால் பார்வைக்குத் தெரிவதைவிட நிலைமை மோசம்.

கேள்வி கேள்வியாகப் போங்கள். எத்தனை பங்கு பேர் சரியாக எழுதினார்கள் என்பது கடினநிலை. அடுத்தது பிரித்தறியும் திறன், அதாவது தெரிந்தவரையும் தெரியாதவரையும் அந்தக் கேள்வி பிரித்துக் காட்டுகிறதா என்பது. 40 பேர் எழுதினார்கள் என்று வையுங்கள். மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 11 பேரையும் கீழே உள்ள 11 பேரையும் எடுங்கள். அப்பா வழிக் கேள்வியை மேலே 9 பேரும் கீழே 3 பேரும் சரியாக எழுதியிருந்தால் வித்தியாசம் 6, அதை 11ஆல் வகுத்தால் 0.55. நல்ல கேள்வி. 0.2க்குக் கீழே இருந்தால் சந்தேகப்படுங்கள். எதிர்மறை எண் வந்தால், அதாவது நன்றாகத் தெரிந்தவர்களே தவறவிட்டிருந்தால், விடைக்குறிப்பு தவறா, வாக்கியம் குழப்பமா என்று உடனே பாருங்கள். எல்லோரும் சரியாக எழுதிய கேள்விக்கு இந்த எண் குறைவாகத்தான் வரும். அது உயிர்காக்கும் மருந்துக் கேள்வி என்றால் அதற்காக நீக்கத் தேவையில்லை.

கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் கிரான்பாக் ஆல்ஃபா காட்டும். 0.7க்கு மேல் இருந்தால் பொதுவாக ஏற்பார்கள். ஆனால் மருந்து, கடத்தல், சட்டம் என்று பல பகுதிகளைத் தொடும் தாளில் அது சற்றுக் குறைந்தால் பதறாதீர்கள், பகுதி பகுதியாகப் பாருங்கள்.

அடுத்து உறுதிக் கட்டத்தைச் சேர்த்துப் படியுங்கள். தவறாகவும் உறுதியாகவும் எழுதப்பட்ட கேள்விகளைத் தனிப் பட்டியலாக எடுத்து வையுங்கள். பயிற்சியின் முதல் வகுப்பு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். வார்டுகளை ஒப்பிடும்போது ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள வார்டின் சராசரியை அறிக்கையில் தனியாகக் காட்டாதீர்கள். யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், எண்ணும் நம்பகமானதாக இருக்காது.

படி 9: அதன் பிறகு

பயிற்சி முடிந்த அன்றே வைக்கும் தேர்வு நினைவாற்றலைத்தான் காட்டும். மூன்று முதல் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை வையுங்கள், கூடவே குடும்ப வரைபடத்தையும் கேஸ் ஷீட்டையும் பாருங்கள். முடிவுகளை வார்டுக்குக் கொண்டுபோகும்போது மதிப்பெண்ணைக் காட்டிலும் தவறான எண்ணங்களைப் பற்றிப் பேசுங்கள். நோயாளியை அனுப்ப ஓர் ஆலோசகரோ தொலைபேசி எண்ணோ இல்லாத இடத்தில் 'யாரை அனுப்புவீர்கள்?' என்ற கேள்விக்குச் சரியான விடை எழுதினாலும் பயனில்லை. அந்தக் குறையை நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்பதும் உங்கள் அறிக்கையின் ஒரு பகுதி.

கேள்வி வங்கியில் ஒவ்வொரு கேள்விக்கும் எழுதிய தேதியையும் அதன் அடிப்படையையும் குறித்து வையுங்கள். மருந்து எச்சரிக்கைகளும் பரிசோதனை வழிகாட்டுதல்களும் மாறிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது விடைகள் இன்னும் சரிதானா என்று மரபியல் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு, அதன் பிறகே அடுத்த சுற்றுக்குத் தாளை அச்சடியுங்கள்.